சுட்ட செங்கல்லும் தூய பட்டாவும்

சாலவாக்கத்தில் இன்று ஒருவர் வீடு கட்ட நினைத்தால், கொத்தனாரைத் தேடுவதற்கு முன்பே பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் புல வரைபடத்தையும் தேடியாக வேண்டும். சுற்றுவட்டாரத்தில் கல்குவாரிக்கும் கிரஷருக்கும் குறைவில்லை. ஜல்லியும் எம்-சாண்டும் சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து இறங்கிவிடும். காகிதம்தான் இழுத்தடிக்கும். இந்தக் கட்டட அனுமதியே வெள்ளைக்காரன் விட்டுப்போன தொல்லை, அதற்கு முன்பு அவரவர் மண்ணில் அவரவர் இஷ்டப்படி கட்டிக்கொண்டார்கள் என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கான அனுமதி தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக ஏதோ ஓர் உருவில் இருந்து வந்திருக்கிறது. அந்த நெடுங்காலத்தில் கட்டடத்தைப் பற்றி அது கேட்டது கொஞ்சம். கட்டுகிறவன் யார், மண் யாருடையது என்று கேட்டதுதான் அதிகம்.

சாலவாக்கத்தின் வட்டத் தலைமையிடமான உத்திரமேரூரிலிருந்தே தொடங்கலாம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றைக் கொண்டாடும் பாடப்புத்தகங்கள், தகுதிப் பட்டியலில் ஒரு வரியை வேகமாகக் கடந்துவிடும். கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், வயதுவரம்பு வேண்டும், அவற்றோடு சொந்த மனையில் வீடு எடுத்துக் குடியிருக்கவும் வேண்டும். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று அமைத்த அந்தச் சபை, வீடுகளை மேற்பார்க்க வாரியம் எதையும் அங்கே சொல்லவில்லை. வீடு அவர்களுக்குக் கண்காணிக்க வேண்டிய பொருளாகத் தெரியவில்லை. ஆள் எப்படிப்பட்டவன் என்பதற்கு அத்தாட்சியாகத் தெரிந்தது. சோழர் செப்பேடுகளுக்கு வந்தால் இது இன்னும் துலங்கும். திருவாலங்காட்டுச் செப்பேடும் பெரிய லெய்டன் செப்பேடும் கொடையாகத் தந்த ஊர்களுக்கு உரிய சலுகைகளை வரிசையாகச் சொல்லும்போது, சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் கிணறு வெட்டுவது, தென்னை வைப்பது போன்றவற்றோடு சேர்த்துச் சொல்கின்றன. செங்கல்லும் மாடியும் செப்பேட்டில் எழுதித் தர வேண்டிய சலுகை என்றால், அது எழுதப்படாத ஊர்களில் குடியானவனின் வீடு எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. கரூர்க் கல்வெட்டு ஒன்று கம்மாளர்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது: நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், செருப்புப் போட்டுக்கொள்ளலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்த கைகளுக்குத் தம் வீட்டுச் சுவரைப் பூசிக்கொள்ள அரசாணை தேவைப்பட்டிருக்கிறது.

அரசன் தந்த கௌரவத்தையும் இன்றைய பிளான் அப்ரூவலையும் ஒரே தட்டில் வைப்பது சரியா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்று வரைபடம் இல்லை, பக்க இடைவெளி விட வேண்டும் என்ற விதி இல்லை, சதுர அடிக்கு இவ்வளவு என்ற கட்டணமும் இல்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவாக அடைத்து வைத்த ஒன்றை, அதிகாரத்தில் இருப்பவர் எழுத்து மூலம் சிலருக்கு மட்டும் திறந்துவிடுவதற்கு அனுமதி என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. மறுப்பதற்கான காரணம் மட்டும் காலத்துக்குக் காலம் மாறியது. சோழர் காலத்தில் அந்தக் காரணம் அந்தஸ்து.

கிழக்கிந்தியக் கும்பெனி காலத்தில் அது வருவாயாகவும் நில உரிமையாகவும் மாறியது. 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து செங்கல்பட்டுச் சீமையை ஜாகீராகப் பெற்ற கும்பெனி, 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டைக் கொண்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தது. ஏரி, தோப்பு, நஞ்சை, புஞ்சை, நத்தம் என எல்லாம் ஏட்டில் ஏறின. ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தம் யாருக்குச் சொந்தம் என்பதில்தான் சிக்கல். பரம்பரை நிலப் பங்குரிமை கொண்ட மிராசுதாரர்கள் ஊர் முழுவதும், குடியிருக்கும் மனை உட்பட, தங்கள் பங்குக்குள் அடக்கம் என்றார்கள். கும்பெனி அதிகாரி எல்லிஸ் துரையின் மிராசு பற்றிய நூல் 1818இல் அச்சான பிறகும் வழக்கு ஓயவில்லை. இந்த வாதத்தின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதை 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கை காட்டியது. சேரியில் பண்ணையாளின் குடிசை அவன் கையால் கட்டியது. மண் மட்டும் மிராசுதாருடையது. கூலி போதவில்லை என்றோ வேறு பண்ணைக்குப் போகிறேன் என்றோ வாய் திறந்தால் குடிசையைக் காலி செய்ய நேரும். அப்படிப்பட்டவன் எழுப்பும் சுவர் எவ்வளவு உயரம் போகும்? மண்ணையும் ஓலையையும் தாண்டி அவன் எதையும் கட்டாததை வறுமை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அடுத்த ஆண்டு அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழிசெய்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பேரானது அதுதான். ஆனால் குடியிருக்கும் மனையே உழவுத் தொழிலாளிக்குச் சட்டப்படி சொந்தமாக, 1971இன் குடியிருப்பு உடைமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அனுமதி கட்டடத்தை அதிகம் பார்ப்பதில்லை என்பதற்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. நவீனச் சட்டங்கள் பிறந்ததே உயிர்களைக் காக்கத்தான். 1920இன் மதராஸ் மாவட்ட நகராட்சிகள் சட்டம் காற்று, வெளிச்சம், கழிவுநீர், தெரு அகலம் பற்றி எல்லாம் பேசியதே என்பார்கள். பேசியது உண்மை. 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகள் இறந்த பிறகு, இத்தகைய விதிகள் வேண்டாம் என்று யாரும் வாதிட முடியாது. ஆனால் விதி ஏட்டில் இருப்பது வேறு, அனுமதி நடைமுறையில் எதை உற்றுப் பார்க்கிறது என்பது வேறு. காஞ்சிபுரம் மாவட்டத்து மௌலிவாக்கத்தில், 2014 ஜூன் 28 அன்று ஒரு பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். அது முறைப்படி திட்ட அனுமதி வாங்கிய கட்டடம். காகிதம் இருந்தது, நிற்கத்தான் வலு இல்லை.

கிராமங்களுக்கு இந்த விதிகள் வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். ஊராட்சிகளுக்கான கட்டட விதிகள் 1997இல் வந்தன. நகரத்துக்கும் கிராமத்துக்கும் பொதுவான ஒருங்கிணைந்த விதிகள் 2019இல். இடைப்பட்ட காலத்தில் ஏரிக்கரையோர வயல்களில் மஞ்சள் கல் நட்டு, 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று பலகை வைத்து மனை விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டதும், சீட்டுக் கட்டியும் நகையை அடகு வைத்தும் வாங்கியவர்கள் கையில் பத்திரத்தோடு நின்றார்கள். 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் அந்த ஆண்டுகளின் கணக்கை ஓரளவு நேர் செய்தது. அங்கேயும் பேச்சு மனையைப் பற்றித்தான், அதன்மேல் எழும் சுவரைப் பற்றி அல்ல.

2024 ஜூலை 22 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்டுபவர், சுயசான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டி வந்து பார்க்கும் அதிகாரி இல்லை, பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. நல்ல ஏற்பாடுதான், மேசைக்கு மேசை அலைவது குறையும். ஆனால் விண்ணப்பத்தோடு பட்டாவும் பத்திரமும் இணைத்தாக வேண்டும். நத்தத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவரின் தோராயப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்று வாங்கி, அத்தை, சித்தப்பா எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, பட்டா மாற்றி முடித்த பிறகுதான் அவர் அந்த இணையப் பக்கத்துக்குப் போக முடியும். அதுவரை இறக்கி வைத்த செங்கல் வாசலிலேயே கிடக்கும்.