காலித் தோட்டாக்கள்

சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரை அறிந்துகொண்ட தலைமுறை என்னுடையது. குதிரைச் சேணத்தில் செருகிய வின்செஸ்டரும் இடுப்பில் தொங்கும் கோல்ட் ரிவால்வரும் சளைக்காமல் சுட்டுக்கொண்டே இருக்கும். அத்தனை தோட்டாக்களும் எங்கிருந்து வந்தன என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை. கடைத்தெரு பல நாள் பயணத்துக்கு அப்பால் இருக்கும் சமவெளியில் கடைசித் தோட்டாவும் தீர்ந்துபோனால் என்ன செய்திருப்பார்கள்? மிகத் தாமதமாக எழுந்த இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், அமெரிக்க மேற்கின் வரலாற்றில் துப்பாக்கியைவிட அது துப்பிய காலி உறை அதிகம் பேசக்கூடியது என்று புரிந்தது.

தோட்டாவின் உறுப்புகள் நான்கு. உலோக உறை, அதன் அடியில் அடிபட்டதும் தீப்பொறி எழுப்பும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் பொருந்திய ஈயக்குண்டு. சுட்டபின் எஞ்சுவது உறை மட்டுமே. அந்த உறையை மறுபடி பயன்படுத்த முடியுமா முடியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நியூ ஹேவன் நகரில் சட்டை தைத்து விற்றுச் செல்வம் சேர்த்தவர் ஆலிவர் வின்செஸ்டர். அவருடைய தொழிற்சாலையில் பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860இல் உருவாக்கிய நெம்புகோல் துப்பாக்கியும், அதைத் தொடர்ந்து வந்த 1866ஆம் ஆண்டு மாதிரியும் வேகமானவை. விசையைச் சுற்றியுள்ள வளையத்தைத் தள்ளி இழுத்தால் காலி உறை வெளியே விழும், அடுத்தது குழலில் ஏறும். ஆனால் அவற்றின் தோட்டாவில் தீப்பொறி மருந்து உறையின் அடிவிளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருந்தது. அடி விழுந்ததும் விளிம்பு நசுங்கும். அதோடு உறையின் ஆயுள் முடிந்தது. 1873ஆம் ஆண்டு மாதிரிக்காக உருவான 44-40 தோட்டாவில் கேப் தனி உறுப்பாக அடியின் நடுவில் அமர்ந்தது. பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். பெயரில் உள்ள 44 குழலின் அளவு, 40 என்பது கிரெய்ன் கணக்கில் கருமருந்தின் எடை. கிரெய்ன் என்றால் தானியமணி. நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியால் நிறுத்ததைப் போல அவர்களுக்கும் எடையின் தொடக்கம் ஒரு விதைதான்.

1870களின் இறுதியில் கோல்ட் நிறுவனம் தன் ரிவால்வரை இதே 44-40 தோட்டாவுக்கு ஏற்றபடி செய்து, ‘ஃபிரான்டியர் சிக்ஸ் ஷூட்டர்’ என்று பெயரிட்டு விற்றது. 20 அங்குலக் குழல் கொண்ட குட்டையான கார்பைனும் இந்த ரிவால்வரும் வைத்திருப்பவனுக்கு ஒரே கச்சை போதும். ஒரே அச்சும் போதும்.

அந்த அச்சை வின்செஸ்டர் நிறுவனமே விற்றது என்பது வேடிக்கை. தோட்டா விற்பவனே தோட்டா வாங்காமலிருக்க உதவும் கருவியையும் விற்கிறான்! 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தின் கருவி பெரும்பாலும் ஒரு இடுக்கிதான். பழைய கேப்பை வெளியேற்றவும், புதியதைப் பொருத்தவும், குண்டை உறைக்குள் செலுத்தவும் அதில் வழி உண்டு. சில வகைகளில் நுனியிலேயே குண்டு வார்க்கும் அச்சும் இருந்தது. நெருப்பில் ஈயத்தை உருக்கி வார்ப்பார்கள். கொழுப்பும் தேன்மெழுகும் கலந்து குண்டின் பள்ளங்களில் தடவுவார்கள். கருமருந்தின் கரி பித்தளையை அரித்துவிடும் என்பதால் உறைகளைத் தாமதிக்காமல் கழுவியாக வேண்டும். 44-40 உறையின் வாய் மிக மெல்லியது, சற்றுக் கோணலாகச் செருகினால் மடங்கிப்போகும். வேட்டை முடிந்த இரவில் பாத்திரம் கழுவுவதைப் போன்ற வீட்டுவேலை இது. காமிக்ஸ் ஓவியர்கள் இதை வரையாததற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஒரே தோட்டா இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்வது எளிதல்ல. ரிவால்வர் உதைக்கும்போது, சுடப்படாமல் உருளையில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையைவிட்டு முன்னால் நழுவப் பார்க்கும். கார்பைனில் நிலைமை நேர்மாறு. குழலுக்குக் கீழே வரிசையாகப் படுத்திருக்கும் தோட்டாக்களை வில் அழுத்துவதால் குண்டு உறைக்குள்ளே அமுங்கப் பார்க்கும். அந்த வரிசையில் ஒரு குண்டின் மூக்கு முன்னுள்ள தோட்டாவின் கேப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் மூக்கு தட்டையாக இருந்தாக வேண்டும். கருமருந்துக் காலத்தில் உறை நிரம்ப மருந்து இருந்ததால் குண்டு அதன்மேல் சாய்ந்து நின்றது. 1890களில் பரவிய புகையற்ற மருந்து உறையின் ஒரு பகுதியையே அடைத்தது, தாங்கல் போயிற்று. அதைவிட ஆபத்தானது அதன் வலிமை. 1892ஆம் ஆண்டின் வலுவான துப்பாக்கிக்கென்று அதிவேகத் தோட்டாக்கள் விற்பனைக்கு வந்தபோது, 1873 மாதிரியிலும் ரிவால்வரிலும் அவற்றைப் போடக்கூடாது என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று. பெயரும் வடிவும் ஒன்றுதான், ஆனால் கச்சை இரண்டாகிவிட்டது.

எல்மர் கீத் என்ற ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் 1925 ஜூலை 4ஆம் தேதி, சுதந்திர தினக் கொண்டாட்டத்தில், தான் நிரப்பிய தோட்டாக்களைப் பழைய கோல்டில் சுட்டார். உருளையின் மேற்பாதி பிய்த்துக்கொண்டு போயிற்று. பிழைத்த மனிதர் விட்டுவிடவில்லை. அவர் பல ஆண்டுகள் நடத்திய சோதனைகளே 1950களின் நடுவில் 44 மேக்னம் தோட்டா பிறக்கத் தூண்டின. 1969இல் மார்லின் நிறுவனம் அதற்கேற்ற குட்டை நெம்புகோல் துப்பாக்கியை வெளியிட்டபோது பழைய ஒற்றைக் கச்சை திரும்பி வந்தது.

துப்பாக்கிப் பிரியர்களின் நூல்கள் பெரும்பாலும் இந்த வழியிலேயே போகும். காலி உறையின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று.

1876 ஜூன் மாதம் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயென் வீரர்களிடம் கஸ்டரும் அவரது ஐந்து கம்பெனிகளும் அழிந்தனர். ஆறே வாரத்தில், பகை கொண்ட பழங்குடியினருக்கு உலோகத் தோட்டா விற்பதைத் தடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றியது. பழங்குடியினரால் இந்தத் துப்பாக்கிகளையோ உறைகளையோ செய்ய முடியாது. ஆகவே வழங்கலை நிறுத்தினால் துப்பாக்கி வெறும் தடியாகிவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் காலி உறை சேர்க்கப்படவில்லை. பழங்குடியினரைப் பரிவோடு பார்த்தவர் என்று சொல்ல முடியாத கர்னல் ரிச்சர்ட் இர்விங் டாட்ஜ், 1882இல் வெளியான தன் நூலில் அவர்களுடைய முறையை விவரித்திருக்கிறார். பழைய வகைத் துப்பாக்கிகளுக்கான சிறிய கேப்புகளை வாங்கி, உறையின் அடியில் இறுக்கிப் பொருத்தி, மருந்தும் ஈயமும் நிரப்பிக்கொண்டார்கள். வின்செஸ்டரின் இடுக்கி இல்லாமலேயே நடந்த வேலை இது. எதிரில் நின்ற படையினரோ கார்பைனுக்கு ஒரு தோட்டாவும் ரிவால்வருக்கு வேறொன்றும் சுமந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த செம்பு உறைகள் மறுபடி நிரப்புவதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல.

1983இல் அந்தப் போர்க்களத்தின் புல்வெளியில் தீ பரவித் தரை வெளிப்பட்டது. மறு ஆண்டு டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் ஃபாக்ஸ் ஆகியோர் உலோகங்காட்டிக் கருவிகளோடு அங்கே தேடினார்கள். ஹென்றி, 1866, 1873 துப்பாக்கிகளின் உறைகள் மண்ணிலிருந்து வந்தன. ஒவ்வொரு துப்பாக்கியின் முள்ளும் உறையின் அடியில் தனக்கேயுரிய தழும்பைப் பதிக்கும். அந்தத் தழும்புகளைப் பொருத்திப் பார்த்து, பெயர் தெரியாத வீரர்கள் எந்த மேட்டிலிருந்து எந்தச் சரிவுக்கு நகர்ந்தார்கள் என்று அவர்களால் வரைபடத்தில் குறிக்க முடிந்தது.