சட்டாம்பிள்ளை முறை

சட்டாம்பிள்ளை முறையாவது, ஓர் உபாத்தியாயர் தம்மிடம் பயிலும் மாணாக்கருள் முதிர்ந்தவர்களைக் கொண்டே இளையவர்களுக்குப் பாடஞ் சொல்லுவித்து, தனியொருவரால் ஆளவொண்ணாத பெருந்தொகையினரான பிள்ளைகளை ஒருங்கே பயிற்றும் போதனா முறையாகும். தென்னாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நெடுங்காலம் வழங்கிய இவ்வழக்கம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்து இங்கிலாந்து சென்ற ஒரு பாதிரியாரின் வாயிலாக 'மதராஸ் முறை' என்ற பெயர் பெற்றுப் பல தேசங்களில் பரவியது. அதன் சிறப்பால் மட்டுமன்றி அதன் குறையாலும் ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றில் இடம்பெற்றது.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் மணலைப் பரப்பி விரலால் அரிச்சுவடி எழுதுவர். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் பிடிப்பர். சட்டாம்பிள்ளை உரத்த குரலில் எண்சுவடியைச் சொல்ல, ஏனையோர் அதனைத் தொடர்ந்து சொல்லுவர். 1623-இல் கன்னட நாட்டு இக்கேரியில் ஒரு கோயில் முகப்பில் சிறுவர் நால்வர் மணலில் எழுதிப் பாடிக் கணக்குப் பயில்வதைக் கண்ட இத்தாலிய யாத்திரிகர் பியெத்ரோ தெல்லா வல்லே, பிழை நேர்ந்தால் திருத்துவார் யாரென்று வினவ, ஒரே இடத்தில் நால்வரும் ஒருசேரப் பிழைபடுதல் இயலாதென்று அவர்கள் விடையிறுத்ததாகக் குறித்துள்ளார். ஒருவர் அறிவை ஒருவர் காக்கும் இந்த ஏற்பாட்டின் தத்துவத்தை அச்சிறுவரினும் சுருங்கச் சொன்னவர் இலர் எனலாம்.

அப்பாதிரியாரான ஸ்காட்லாந்தினர் ஆண்ட்ரூ பெல், 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென நிறுவப்பட்ட ஆண்கள் விடுதிப் பள்ளியின் மேற்பார்வையாளரானார். ஒரு நாள், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்துமாறு உதவி ஆசிரியர்க்குப் பணித்தார். அவர் அதற்கு இணங்காது போகவே, எட்டு வயதுடைய ஜான் ஃபிரிஸ்கென் என்னும் படைவீரர் மகனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். சம்பளம் பெற்ற பெரியவர் மறுத்த காரியத்தைச் சிறுவன் செவ்வனே செய்து முடித்தான். அதன்பின் பெல் பள்ளி முழுவதையும் இவ்வாறே திருத்தியமைத்து, ஒவ்வொரு வகுப்பிலும் வல்லவனையும் மெலிந்தவனையும் இணைத்து அமர்த்தி, ஒரு சிறு பாடம் முற்றும் கைவந்த பின்னரே அடுத்ததற்குச் செல்லும் நியமத்தையும் ஏற்படுத்தினார். 1796-இல் தாயகம் திரும்பிய அவர், மறு ஆண்டே இப்பரிசோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மணலெழுத்தை இந்நாட்டுப் பள்ளியிலிருந்து பெற்றதாக ஒப்புக்கொண்ட அவர், பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பிப்பதைத் தமது சொந்தக் கண்டுபிடிப்பாகவே பாராட்டினார். ஆயினும், 1823-இல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோவின் கல்வி விசாரணைக்கு விடையளித்த பல்லாரி கலெக்டர் காம்ப்பெல், முதிர்ந்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கத்தைப் புகழ்ந்து, இங்கிலாந்து இதனைப் பின்பற்றியது தகுதியே என்று எழுதினார். பொருளுணராமல் செய்யுட்களை ஒப்பிக்கும் குறையையும் அவர் மறைக்கவில்லை.

அதே காலத்தில் லண்டன் சௌத்வார்க்கில் ஜோசப் லங்காஸ்டர் என்பார் இத்தகைய பள்ளியொன்றைத் தொடங்கி, நூற்றுக்கணக்கான ஏழைச் சிறுவரை ஒரே மண்டபத்தில் அமர்த்தி, ஒரே ஆசிரியரின் கண்காணிப்பில் பயிற்றினார். இருவரின் ஆதரவாளரும் சமயப் பிணக்கினால் இரு கட்சியாகப் பிரிந்தனர். பெல்லை இங்கிலாந்துத் திருச்சபையின் சார்பான தேசிய சங்கம் 1811 முதல் ஆதரித்தது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் கூட இம்முறை பரவிற்று.

பரவியதில் இழந்தது பெரிது. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆசிரியரின் கண் முன்னேயே நின்று, தன் ஐயத்தை உடனே கேட்டுத் தெளிந்தான். லண்டன் மண்டபத்திலோ, காலையில் தான் கேட்டதைச் சற்று நேரத்தில் பிறர்க்கு ஒப்பிப்பவனாக மட்டும் நின்றான். எதனைச் சொல்வது என்பதை அறிந்த சிறுவன், கேட்பவன் எங்கே இடறுகின்றான் என்பதையும், ஏன் இடறுகின்றான் என்பதையும் அறியான். அவ்வறிவே ஆசிரியத் தொழிலின் உயிர்நிலை. அது அனுபவத்தாலும், அனுபவமுடையார் அருகிருந்து திருத்துவதாலும் மட்டுமே வருவது. செலவுச் சுருக்கம் ஒன்றையே கருதி இதனை மறந்த நிர்வாகிகளே இம்முறையின் வீழ்ச்சிக்குப் பொறுப்பாவர் என்பது நமது அபிப்பிராயம்.

இக்குறையை உணர்ந்த அரசாங்கக் கல்விக் குழுவின் செயலாளர் கே ஷட்டில்வொர்த்தின் முயற்சியால், 1846-இல் இங்கிலாந்து அரசாங்கம் மாணவ ஆசிரியர் திட்டத்தை வகுத்தது. பதின்மூன்று வயதுடையோர் ஐந்தாண்டுகள் ஒரு தலைமையாசிரியரிடம் தொழில் பயின்று, பகலில் வகுப்பு நடத்தி, நாள்தோறும் அவரிடமே தனியே பாடங் கேட்டனர். தேர்ந்தவர் உபகாரச் சம்பளம் பெற்றுப் பயிற்சிக் கல்லூரி சேர்ந்தனர். 1854-இல் இந்திய ஆட்சியை மேற்பார்த்த பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதம் இத்திட்டத்தை இந்தியாவுக்கும் சிபாரிசு செய்ய, 1856-இல் சென்னையில் அரசாங்க ஆசிரியப் பயிற்சிப் பள்ளி நிறுவப்பட்டது. பிற்காலத்தில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாகப் பிரசித்தி பெற்றது இதுவே. எழும்பூரிலிருந்து புறப்பட்ட கருத்து, அறுபது ஆண்டுகளில், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையாக மாறி அந்நகருக்கே திரும்பி வந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை துணையாகும் பழைய வழக்கத்தின் சாயல் அண்மைக் காலத்திலும் தோன்றியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளில் விரிந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பாய்களில் குழுக்களாக அமர்ந்து, அட்டைகளின் துணையால் தத்தம் வேகத்தில் பயின்று, ஒருவருக்கொருவர் உதவவும் இடமிருந்தது. ஆசிரியரும் அவர்களிடையே தரையில் அமர்ந்திருந்தார். பெல்லின் முறையின் பெயரோ அவர் பிறந்த நாட்டில் நிலைத்தது; ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பொருளால் 1833-இல் திறக்கப்பட்ட பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகின்றது. பெல்லுக்கு உரிய புகழை மறுப்பதற்கில்லை. ஆயினும் அவர் கண்ட அந்த மணற்பள்ளியின் பெயரறியாத உபாத்தியாயருக்கும், அவருடைய சட்டாம்பிள்ளைக்கும் கல்வி வரலாற்றில் சம பங்கு உண்டு.