எலும்பைத் தேடிப்போய்த் தசையைக் கண்டது: முதியோருக்கான அதிர்வுப் பயிற்சியின் வரலாறு, விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பார்வை

விக்கிரமசிங்கபுரத்தில் முதியவர்களின் கால்பலத்தை அறிய ஆய்வகம் தேவையில்லை. விடிகாலையில் பாபநாசம் படித்துறையில் நின்று பார்த்தால் போதும். ஈரக் கல்லில் ஒரு காலை வைக்கிறார்கள். பாசி வழுக்குகிறதா என்று விரல்களால் தடவிப் பார்க்கிறார்கள். பிடிமானம் கிடைத்த பிறகே மறு காலைத் தூக்குகிறார்கள். அந்த ஒரு கணம் முழு உடம்பும் ஒற்றைக் காலின் பொறுப்பு. முதுமையில் விழுவதும் விழாமலிருப்பதும் அந்தக் கணத்தில்தான் முடிவாகிறது. அதிரும் பலகையில் நிற்கவைத்து உடம்புக்கு வலுவூட்ட முயலும் அதிர்வுப் பயிற்சி என்ற முறையை இக்கட்டுரை அந்தப் படியில் நின்றுதான் மதிப்பிடுகிறது.

அதிர்வு இவ்வூருக்குப் புதிதல்ல. 1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி இங்கே நூற்பாலையை நிறுவினார்கள். ஆலை பின்னாளில் மதுரா கோட்ஸ் என்று பெயர் மாறியபோதும் ஊரார் வாயில் அது ஹார்வி மில்தான். நூற்பாலைத் தளத்தில் நின்று வேலை பார்த்த தலைமுறைக்கு அதிர்வு என்பது தொழிலோடு சேர்ந்து வந்த சுமை. தொழில்நல மருத்துவமும் அதை அப்படித்தான் பார்த்தது. துளையிடும் கருவியைப் பிடிப்பவர்களின் விரல் வெளுத்து மரத்துப்போவதும், லாரி ஓட்டுநர்களின் இடுப்புவலியும் அதன் கணக்கில் எழுதப்பட்டன. உடல் தாங்கும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை 1974இல் வெளிவந்தது.

அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே அதே அதிர்வை மருந்தாக்க முயன்றவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். ஸ்வீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1860களில் ஸ்டாக்ஹோமில் திறந்த உடற்பயிற்சி நிலையத்தில், உடம்பைக் குலுக்கும் இயந்திரங்களும் இருந்தன. பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோ, ரயிலிலும் குதிரைவண்டியிலும் நெடுந்தூரம் வந்த பார்க்கின்சன் நோயாளிகள் வழக்கத்தைவிட இலகுவாக இருப்பதைக் கவனித்து, அதிரும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சிறிய அளவில் மறுசோதனை செய்தார்கள். அதிர்ந்த நாற்காலியில் இருந்தவர்களும் அதிராத நாற்காலியில் இருந்தவர்களும் ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். ஷார்கோவின் கவனிப்பு நேர்மையானது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு நாற்காலி அவரிடம் இல்லாததுதான் குறை.

அடுத்த திருப்பம் நரம்பியலில் நேர்ந்தது. 1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த எக்லுண்ட், ஹாக்பார்த் இருவரும், தசையின்மீது அதிர்வு பட்டால் அது தானாகவே இறுகுவதை விளக்கினார்கள். தசைக்குள் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. ஒவ்வொரு அதிர்வையும் அவை ஒரு சிறு இழுப்பாக எடுத்துக்கொண்டு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, அங்கிருந்து 'சுருங்கு' என்ற ஆணை திரும்பி வருகிறது. படித்துறையில் கால் சறுக்கும்போது நாம் நினைக்கும் முன்பே கால் இறுகிக்கொள்வதிலும் இந்த வழிக்குப் பங்குண்டு. 1980களில் சோவியத் ஆய்வாளர் நசரோவும் 1990களில் இத்தாலியரான கார்மெலோ போஸ்கோவும் இதை விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்குக் கொண்டுபோனார்கள்.

அதன்பின் ஆராய்ச்சி எலும்பின் பக்கம் சாய்ந்தது. 2001இல் ஆய்வாளர் கிளின்டன் ரூபினின் குழு ஆடுகளைத் தினமும் 20 நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், ஓராண்டுக்கு அதிரும் பலகையில் நிற்கவைத்தது. பின்னந்தொடை எலும்பின் உட்புறத்தில் பஞ்சுபோன்ற பகுதியின் அடர்த்தி 34 விழுக்காடு கூடியிருந்தது. அந்த அதிர்வு விநாடிக்கு 30 முறை. முடுக்கம் புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு. கணக்குப் போட்டால், பலகை நிலையிலிருந்து நகர்ந்த தூரம் ஒரு மில்லிமீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். இவ்வளவு மெல்லிய அசைவு எலும்பை வளர்க்குமென்றால், மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்புத் தேய்வுக்கு மாத்திரையில்லாத மருத்துவம் கிடைத்துவிட்டது என்று உலகம் நம்பியதில் வியப்பில்லை.

மனிதரில் அது பலிக்கவில்லை. 2011இல் கனடாவில் 202 பெண்களிடம் ஓராண்டு பார்த்தபோது எலும்பின் அடர்த்தி கூடவில்லை. 2015இல் பாஸ்டன் பகுதி முதியோர் குடியிருப்புகளில் 174 பேரிடம் இரண்டாண்டு பார்த்தபோதும் அதே முடிவு. பலரும் கதை இங்கே முடிந்தது என்று எழுதிவிடுகிறார்கள். என் பார்வையில் கதை இங்குதான் தொடங்குகிறது. 2014இல் ஹாங்காங் ஆய்வு 60 வயது கடந்த 710 பெண்களை 18 மாதம் தொடர்ந்தது. எலும்பில் மாற்றமில்லை. ஆனால் விழுந்தவர்கள் அல்லது எலும்பு முறிந்தவர்கள், பலகையில் நின்றவர்களில் 18.6 விழுக்காடு, நிற்காதவர்களில் 28.7 விழுக்காடு. முன்தொடைத் தசையின் வலுவும் உடம்பைச் சட்டென்று அசைக்கும் வேகமும் கூடியிருந்தன. எலும்பு கெட்டியாகாமலே எலும்பு முறிவைத் தவிர்க்க வழியுண்டு: விழாதிருப்பது.

2004இல் பெல்ஜியத்தில் 58 முதல் 74 வயது வரையான 89 பெண்களிடம் நடந்த ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 24 வாரத்தில் அதிர்வுப் பயிற்சி எடுத்தவர்களின் முழங்கால் வலு ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்தது. எடை தூக்கிப் பயிற்சி செய்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பலன். ஆகவே அதிர்வு அற்புதம் அல்ல. தசையை வேலை வாங்கும் வழிகளில் அதுவும் ஒன்று. அதிலும் அளவு முக்கியம். விநாடிக்கு அதே 30 அதிர்வில் பலகை 2 மில்லிமீட்டர் நகர்ந்தால் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஏழு மடங்கு. கடையில் விற்கும் எல்லாப் பலகையையும் ஒன்றென்று எண்ணி எழுபது வயதுக்காரரை ஏற்றிவிடுவது பெரும் தவறு.

இயந்திரமே இல்லாத வழியும் இதே காலத்தில் வளர்ந்தது. 1990களில் நியூசிலாந்தின் ஒடாகோவில் வீட்டுக்கே வந்து கற்றுக்கொடுத்த கால்வலு, சமநிலைப் பயிற்சி, விழுவதை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது. தமிழகத்தில் முதியோர் மருத்துவத்துக்கு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கி வழிகாட்டியவர் டாக்டர் வி.எஸ். நடராஜன். 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டு வாசலுக்கு வந்தது. இவ்வூரில் பீடி சுற்றும் தட்டை மடியில் வைத்து நாற்பது வருஷம் தரையில் உட்கார்ந்தே வாழ்ந்த பெண்களுக்கு, அதிரும் பலகையைவிட இந்த வருகைதான் முதல் தேவை என்பேன். தொடை இளைத்தது அவர்கள் குற்றமல்ல, பிழைப்பு அப்படி.

கால்வலுவை வீட்டிலேயே சோதிக்க வேண்டியது கைப்பிடியில்லாத ஒரு நாற்காலியும் கடிகாரமும். இரு கையையும் மார்பில் குறுக்காக வைத்து, 30 விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். "ஆச்சி, கையை ஊணாம எந்திச்சுப் பாருங்க" என்றதும் கை தன்னையறியாமல் முழங்காலுக்குப் போகும். அதை எடுத்து மார்பில் வைக்கச் சொன்னால் முதலிரண்டு முறை எளிதாக எழுந்துவிடுவார்கள். நான்காவது முறை எழும்போது சேலைக்குள் தொடை மெல்ல நடுங்கத் தொடங்கும்.