கழித்தோணி: முசிறி வணிகத்தில் கலத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட நீர்வழி

சங்ககாலத் துறைமுகங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கடலிலிருந்து கரையை நோக்கியே எழுதப்பட்டுள்ளன. யவனர் கலம், பொன், மிளகு ஆகிய மூன்றும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. கலத்துக்கும் கரைக்கும் இடையே பண்டங்களைச் சுமந்த சிறு படகுகளோ ஓரிரு தொடர்களில் கடந்துசெல்லப்படுகின்றன. சேரநாட்டு முசிறியைப் பொறுத்தவரை, அப்படகுகள் இன்றிக் கடல்வணிகமே நடைபெற்றிருக்க இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

முசிறியைப் பாடும் இரு பாடல்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவனபோலத் தோன்றுகின்றன. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூறு 149, பொன்னொடு வந்து மிளகொடு மீளும் யவனர் கலம் பேரியாற்றின் நுரை கலங்க வருவதாகக் காட்டுகிறது. பரணர் பாடிய புறநானூறு 343இல், கலம் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகளே கரைசேர்க்கின்றன. முன்னதில் கலம் ஆற்றினுள் வருகிறது. பின்னதில் அது கரையை அணுகாது நிற்கிறது. புறப்பாடல் மகட்பாற்காஞ்சித் துறையினது என்பதையும் மறத்தலாகாது. முசிறியின் செல்வத்தையே கொடுப்பினும் இப்பெண்ணைப் பெறவியலாது என்பதற்காகவே துறைமுகம் அங்குப் பேசப்படுகிறது. எனினும், செல்வத்தை மிகைப்படுத்த விழையும் புலவர்க்குக் கழித்தோணியைப் புனைந்துரைக்க வேண்டிய தேவை இல்லை. அது கண்டறிந்த நடைமுறையாகவே இருத்தல் வேண்டும்.

கி.பி. முதல் நூற்றாண்டின் அயலவர் குறிப்புகள் இம்முரணைத் தெளிவிக்கின்றன. முசிறி ஆற்றங்கரையில், கடலிலிருந்து 20 ஸ்டேடியா (ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர்) உள்ளே அமைந்திருந்ததாகப் பெரிப்ளஸ் கூறுகிறது. கலங்கள் நிற்குமிடம் கரைக்குத் தொலைவில் உள்ளது என்றும், சரக்கை ஏற்றவும் இறக்கவும் படகுகள் வேண்டும் என்றும் பிளினி எழுதுகிறார். தெற்கிலிருந்த நெல்கிண்டாவைப் பற்றிய பெரிப்ளஸ் செய்தி இன்னும் நுட்பமானது. அவ்வூர் கடலிலிருந்து ஏறத்தாழ 120 ஸ்டேடியா உள்ளே இருந்தது. ஆற்றில் தடைகள் மிகுந்திருந்தமையால், கலங்கள் முகத்துவாரத்துப் பகாரேவுக்கு இறங்கிவந்து, அங்கு நங்கூரமிட்டே சரக்கை ஏற்றின. ஆற்றினுள் செல்லும் கலமும் வெளியே நின்று சரக்கேற்றும் கலமும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆகவே, அகப்பாடலையும் புறப்பாடலையும் ஒரே துறைமுகத்தின் இரு நிலைகளாகக் கொள்வதில் தடையில்லை.

இக்கடற்கரைக்குப் பெருங்கலங்கள் வருவதற்கு மிளகின் மிகுதியையும் பருமனையும் பெரிப்ளஸ் காரணமாகக் காட்டுகிறது. கலம் பெரிதாகப் பெரிதாக அதற்கு வேண்டிய நீராழம் கூடுகிறது. ஆழமற்ற கழியும் மணல்திட்டும் அதனை வெளியே நிறுத்துகின்றன. கடல்வணிகம் வளர வளரச் சிறுதோணியின் பணியும் பெருகியதேயன்றிக் குறையவில்லை. கோட்டனாரா என்னும் பகுதியின் மிளகு ஒற்றைமரத் தோணிகளில் துறைக்கு வந்ததாகப் பிளினி தருகின்ற குறிப்பு, உள்நாட்டுத் திசையிலும் இதே கலங்களே இயங்கின என்பதைக் காட்டுகிறது.

அத்தோணிகள் யவனருக்காகப் புதிதாகத் தோன்றியவை அல்ல. புறநானூற்றுப் பாடலின் தொடக்கத்தில் மீனை விற்றுப் பெற்ற நெல்லை அம்பியில் குவிக்கின்றனர். மனைகளில் அடுக்கிய மிளகு மூட்டைகள் அதற்குப் பின்னரும், பொன் அதற்கும் பின்னருமே பேசப்படுகின்றன. பண்டமாற்றும் பொன்வணிகமும் ஒரே கழியில் நிகழ்ந்தன. மீனுக்கும் நெல்லுக்குமாக முன்பே பழகியிருந்த நீர்வழியின்மேல்தான் மிளகு வணிகம் ஏறி அமர்ந்தது எனக் கருதுகிறேன்.

எர்ணாகுளம் மாவட்டப் பட்டணத்தில் 2007 முதல் நடைபெற்ற அகழாய்வில், செங்கல் துறைமேடை ஒன்றின் அருகே ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள அயினி மரத் தோணியும், படகு கட்டும் தேக்குத் தறிகளும் வெளிப்பட்டன. பட்டணமே முசிறியா என்ற வழக்கில் அறிஞருலகம் மூழ்கியதால், இத்தோணி பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை. ஊரின் பெயர் எதுவாயினும், கழியோரத் துறையொன்றில் எத்தகைய கலம் இயங்கியது என்பதற்கு இது நேர்ச்சான்று.

வணிகத்தின் மறுமுனையும் ஆற்றிலேயே முடிந்தது. 1985இல் வெளியிடப்பட்ட, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த வியன்னா பாப்பிரஸ், முசிறி வணிகம் தொடர்பான கடன் ஒப்பந்தம் ஒன்றைக் குறிப்பிடுகிறது. செங்கடல் துறையில் இறங்கும் சரக்கு ஒட்டகங்களில் காவலுடன் கோப்டோசுக்குச் செல்லவேண்டும். அங்குப் பண்டகசாலையில் முத்திரையிடப்பட்டு, நைல் ஆற்றுப் படகில் அலெக்சாந்திரியாவை அடையவேண்டும். நான்கில் ஒரு பங்கு வரியாகும். ஏட்டின் மறுபுறம் ஹெர்மபொல்லோன் என்னும் கலத்தின் சரக்கு எடையும் விலையும் இட்டுக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒட்டகம் ஓட்டுபவரின் நம்பகத்தன்மை வரை எண்ணிப்பார்த்த அவ்வேட்டின் எஞ்சிய பகுதியில், அதே சரக்கைச் சேரநாட்டுக் கழிகளில் கலம்வரை கொண்டுசேர்த்த தோணிக்காரர்க்கு ஒரு வரியும் இல்லை.