ஏ குரூப்பா, சி குரூப்பா? அல்லது 1921ல் நடந்த ஒரு சண்டை

சைக்கிள் கிளப்பில் புதுசா சேர்ற எல்லாரையும் ஒரு கேள்வி மடக்கும். ஞாயித்துக்கிழமை காலையில் போற ரைடுக்கு நீங்க ஏ குரூப்பா, பி குரூப்பா, சி குரூப்பா? பக்கத்திலேயே ஒரு எண்ணும் போட்டிருக்கும். ஏ என்றால் சராசரி 30 கிலோமீட்டர், பி என்றால் 26, சி என்றால் 22 என்கிற மாதிரி. கிளப்புக்கு கிளப் எண் மாறும், விஷயம் ஒன்றுதான்.

நம்மாளுங்க உடனே போனை எடுத்து, போன வாரம் தனியா ஓட்டினப்போ என்ன வேகம் வந்ததுன்னு பார்ப்பாங்க. 25.8 இருக்கும். 'கிட்டத்தட்ட 26தானே'ன்னு பி-யில் பேர் கொடுத்துடுவாங்க. சிலர் 'சி-யில் போனா ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவானுங்க'ன்னே பி-க்குப் போவாங்க. (பத்தாம் வகுப்பில் 'ஏ செக்‌ஷன்' பார்த்து வளர்ந்த பரம்பரை ஆச்சே!)

இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது வருஷ வயசு. அதுக்கு நேரெதிரா இரண்டு பதில்கள் இருந்தன. அந்த இரண்டு பதில்களும் மோதி, ஒரு கிளப்பே தனி வழி தேட வேண்டி வந்தது. அந்தக் கதை தெரிஞ்சா எந்த குரூப்பில் சேர்றதுன்னு முடிவு பண்றது சுலபம். அதுக்குத்தான் இந்தப் பதிவு.

பியூகிள் ஊதினால் ஏறு

1870 ஜூன் 22. லண்டன் ஹாக்னி பகுதியில் சில பேர் சேர்ந்து ஒரு சைக்கிள் கிளப் ஆரம்பிச்சாங்க. இரண்டு வாரம் முன்னாடிதான் சார்லஸ் டிக்கன்ஸ் இறந்திருந்தார். அவர் நினைவா 'பிக்விக் பைசிக்கிள் கிளப்'ன்னு பேர் வச்சாங்க. அந்தக் கிளப் இன்னிக்கும் இருக்கு.

அடுத்து வந்த வருஷங்களில் இந்த மாதிரி கிளப்புகள் ஓட்டினது, முன்னாடி ஆள் உயரச் சக்கரமும் பின்னாடி குட்டிச் சக்கரமும் வச்ச வண்டி. செயின் கிடையாது, கியர் கிடையாது. பெடல் நேரா முன்சக்கரத்திலேயே இருக்கும். கால் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. ஆக, சக்கரம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு வேகம். சக்கரம் எவ்வளவு பெரிசா இருக்கலாம்னு உங்க கால் நீளம் முடிவு பண்ணும். யார் எந்த குரூப்னு தையல்காரர் அளவெடுக்கிற மாதிரி உடம்பே சொல்லிடும் :-)

அந்தக் காலத்து கிளப்புகள் கிட்டத்தட்ட ராணுவம் மாதிரி இருந்தன. சீருடை உண்டு. கேப்டன், துணை கேப்டன் உண்டு. பியூகிள் ஊதறதுக்கு தனி ஆள் உண்டு. ஊதினா ஏறணும், வேற மாதிரி ஊதினா இறங்கணும். வேகத்தை கேப்டன்தான் முடிவு பண்ணுவார், அவரை யாரும் முந்தக் கூடாது. படிக்க சிரிப்பா இருக்கும். ஆனா இதுக்குள்ள ஒரு நல்ல விஷயம் இருந்தது. கேப்டன் வேகத்தில் எல்லாரும் போனா, மண் ரோட்டில் ஒருத்தர் தலைகுப்புற விழுந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கும்.

வேகத்துக்கு முன்னாடி வந்த கேள்வி

1885ல் ஸ்டார்லியின் 'ரோவர்' வந்தது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்துக்கு செயின். 1888ல் டன்லப்பின் காத்தடிச்ச டயர் வந்தது. சைக்கிள் கொஞ்சம் கொஞ்சமா சாதாரண ஜனங்க கைக்கும் வர ஆரம்பிச்சது. உடனே, கிளப்பில் யாரைச் சேர்க்கலாம் என்கிற பிரச்சனையும் பெரிசாச்சு.

இங்கிலாந்தில் 1878ல் ஹாரோகேட்டில் ஆரம்பிச்ச சைக்கிள் சுற்றுலா கிளப் 1880லேயே பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கிட்டது. அதே 1880ல் பிறந்த அமெரிக்க சங்கமான 'லீக் ஆஃப் அமெரிக்கன் வீல்மென்' வேற வழியில் போச்சு. 1894ல் வெள்ளைக்காரங்க மட்டும்தான் உறுப்பினராகலாம்னு விதி போட்டது. அஞ்சு வருஷம் கழிச்சு, 1899ல் மான்ட்ரியலில், மேஜர் டெய்லர் என்கிற கறுப்பின வீரர் ஸ்பிரின்ட் உலக சாம்பியன் ஆனார். உலகத்திலேயே வேகமான ஆளு, ஆனா அவர் நாட்டுச் சங்கத்தில் விதிப்படி அவருக்கு இடம் கிடையாது. அந்தச் சங்கத்தின் வாரிசு அமைப்பு அந்த விதியை முறைப்படி நிராகரிச்சது எப்போ தெரியுமா? 1999ல். நூற்றைந்து வருஷம்!

இதை ஏன் சொல்றேன்னா, 'உன் வேகம் எவ்வளவு?'ன்னு மட்டும் கேட்கிற கிளப் எவ்வளவோ தேவலை. வேகத்தை ஆறு மாசத்தில் ஏத்திக்கலாம். தோலை?

சூரியன் உதிச்சு மறையறதுக்குள்ள

இப்போ இத்தாலிக்குப் போவோம். 1897 ஜூன் 12. பன்னிரண்டு பேர் ரோமிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கிளம்பினாங்க. 230 கிலோமீட்டர், பகல் வெளிச்சத்துக்குள்ள முடிக்கணும். பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. இந்த மாதிரி ஓட்டறவங்களுக்கு 'ஆடாக்ஸ்' என்று பேர் வந்தது. லத்தீனில் துணிச்சல்காரன்னு அர்த்தம்.

இதைப் பிரான்சுக்குக் கொண்டு வந்தவர் ஆன்றி டெக்ராஞ்ச். 'லோட்டோ' பத்திரிகையின் ஆசிரியர், 1903ல் டூர் டி பிரான்ஸை ஆரம்பிச்சவர். அவரே முன்னாள் வீரர்தான். 1893ல் ஒரு மணி நேரத்தில் 35.325 கிலோமீட்டர் ஓட்டி முதல் அதிகாரப்பூர்வ ஒரு மணி நேர சாதனையை வச்சவர். மனுஷன் கண்டிப்புக்குப் பேர் போனவர். டூர் டி பிரான்ஸில் கியர் மாத்தற டிரெய்லர் 1937 வரைக்கும் வீரர்களுக்குக் கிடைக்காததுக்கும் அவர் பிடிவாதம்தான் காரணம்.

1904ல் அவர் ஆரம்பிச்ச ஆடாக்ஸ் முறை இப்படி: 200 கிலோமீட்டர். எல்லாரும் ஒரே கூட்டமா போகணும். முன்னாடி ரோடு கேப்டன், அவரை முந்தக் கூடாது. எங்கே நிக்கணும், எங்கே சாப்பிடணும் எல்லாம் முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்கும். முடிச்சவங்களுக்கு 'ப்ரெவே' என்கிற சான்றிதழ். அதே வருஷம் இதை நடத்தறதுக்குன்னே 'ஆடாக்ஸ் கிளப் பாரிசியன்' (இனிமே ஏ.சி.பி.) உருவாச்சு.

அதாவது பியூகிள் இல்லாத பழைய கேப்டன் முறை. இன்னிக்கும் ஆடாக்ஸ் கூட்டங்கள் மணிக்கு 22.5 கிலோமீட்டர் வேகத்தில் போகும். 200 கிலோமீட்டருக்கு மிதிக்கிற நேரம் மட்டும் ஏறக்குறைய 8 மணி 53 நிமிஷம். பலசாலி தன் பலத்தைக் கட்டிப் போட்டுக்கணும். பலவீனமானவர் மத்தவங்க முதுகுக்குப் பின்னாடி காத்துக்கு ஒளிஞ்சு வந்து சேர்ந்துடுவார்.

சண்டை

பதினேழு வருஷம் இப்படி ஓடிச்சு. 1921ல் டெக்ராஞ்சுக்கும் ஏ.சி.பி. நிர்வாகிகளுக்கும் முட்டிக்கிச்சு. ஆடாக்ஸ் ப்ரெவே நடத்த கொடுத்திருந்த உரிமையை டெக்ராஞ்ச் திரும்ப வாங்கிக்கிட்டார். அதுக்குன்னு தனியா வேற அமைப்பும் வந்தது.

பேரிலேயே 'ஆடாக்ஸ்' இருக்கிற கிளப்புக்கு ஆடாக்ஸ் நடத்த உரிமை இல்லை! என்ன பண்ணுவாங்க? அதே 1921 செப்டம்பரில் புதுசா ஒரு ப்ரெவே ஆரம்பிச்சாங்க. அதில் கேப்டனே கிடையாது. அவங்கவங்க வேகத்தில் போகலாம். கையில் ஒரு அட்டை. வழியில் குறிப்பிட்ட இடங்களில் முத்திரை வாங்கணும். கடைசி நேரத்துக்குள்ள வந்து சேரணும். அவ்வளவுதான். இவங்க 'ராண்டனர்'.

நம்ம தொழில் பாஷையில் சொன்னா ஆடாக்ஸ் என்பது சின்க்ரனஸ், ராண்டனர் அசின்க்ரனஸ். ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் காத்திருக்கிறது முதல் வகை. அவங்கவங்க ஓடி, செக்பாயின்ட்டில் மட்டும் பதிவு பண்றது இரண்டாவது வகை.

1931ல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் ரோட்டில் இரண்டு கூட்டமும் இறங்கிச்சு. 1891ல் ஆரம்பிச்ச இந்த 1200 கிலோமீட்டர் ஓட்டத்தில் அந்த வருஷம் தொழில்முறை வீரர்களும் இருந்தாங்க. ஆஸ்திரேலியாவின் ஹியூபர்ட் ஆப்பர்மன் 49 மணி 23 நிமிஷத்தில் ஜெயிச்சார். பின்னாடி ஆடாக்ஸ் கூட்டம் கேப்டன் பின்னால, ராண்டனர்கள் தன் இஷ்டத்துக்கு. ஒரே தூரம், மூணு விதமான ஜனங்க.

தொழில்முறைப் பந்தயம் 1951ஓட நின்னு போச்சு. மத்த இரண்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு. ராண்டனர் முறைதான் உலகம் பூரா பரவிச்சு. நம்ம சென்னையிலும் 200, 300, 400, 600 ப்ரெவேக்கள் நடக்குது. நேர வரம்பு உலகம் முழுக்க ஒண்ணுதான்: 200க்கு 13½ மணி, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. கணக்குப் போட்டா நிக்கிறது, சாப்பிடறது, தூங்கறது எல்லாம் சேர்த்து மணிக்கு சுமார் 15 கிலோமீட்டர். நாலையும் ஒரே சீசனில் முடிச்சா 'சூப்பர் ராண்டனர்' பட்டம். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குப் போறவங்களும் தங்கள் குரூப்பைத் தாங்களே தேர்ந்தெடுக்கணும். 80 மணி, 84 மணி, 90 மணி. கெத்துக்கு 80 எடுத்தா, அந்த 80ஐ வச்சுத்தான் உங்களை அளப்பாங்க.

சரி, இப்போ ஞாயித்துக்கிழமைக்கு வருவோம்

இன்னிக்கு கிளப்பில் இருக்கிற ஏ, பி, சி எல்லாம் இந்த இரண்டு முறையையும் கலந்து கட்டின கூட்டாஞ்சோறு. குரூப்புக்குள்ள ஆடாக்ஸ்: ஒரு லீடர், ஒரு வேகம், சேர்ந்து போகணும். குரூப்புக்கு வெளியே ராண்டனர்: உன் வேகம் உன் இஷ்டம், எதில் வேணா சேரு. ஆனா எந்தக் குரூப்பில் கேப்டன் முறை எவ்வளவு கண்டிப்புன்னு அந்த எண் சொல்லாது. அதனால எண்ணைப் பார்க்கிறதுக்கு முன்னாடி லீடர்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "பின்தங்கினா நிப்பீங்களா, மாட்டீங்களா?" நிப்போம்னு சொல்ற 26, நிக்க மாட்டோம்னு சொல்ற 24ஐ விட புதுசா வர்றவங்களுக்குப் பாதுகாப்பு.

அப்புறம் எண்ணுக்கு வரலாம். மூணு கணக்கு.

ஒண்ணு, காத்து. காத்தைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடியா ஏறும். 25லிருந்து 30க்குப் போறது 20 சதவீத வேகம்தான். ஆனா காத்துக்கு மட்டும் 1.2 × 1.2 × 1.2, அதாவது 73 சதவீதம் அதிக சக்தி. 'அஞ்சு கிலோமீட்டர்தானே கூட'ன்னு நினைக்கிறவங்க இதை ஒரு தடவை எழுதிப் பார்க்கணும்.

இரண்டு, முதுகு. இன்னொருத்தர் பின்னாடி ஒட்டிப் போனா இந்தச் சுமை நல்லாவே குறையும். தனியா 25 ஓட்டறவங்க கூட்டத்தில் 27, 28 போகலாம். ஆனா அதுக்கு முன்சக்கரத்துக்கும் அவர் பின்சக்கரத்துக்கும் ஒரு சக்கர நீளத்துக்கும் குறைவான இடைவெளியில் பிரேக்கைத் தொடாம ஓட்டத் தெரியணும். அது தெரியாதவங்களுக்கு அந்த இலவசம் கிடைக்காது, மத்தவங்களுக்கும் ஆபத்து. கால் பி குரூப்பா இருக்கலாம், கை இன்னும் சி குரூப்பா இருக்கலாம்.

மூணு, மேடு. 50 கிலோமீட்டர் ஏத்தத்தில் 15ல் போய், 50 கிலோமீட்டர் இறக்கத்தில் 40ல் வந்தா சராசரி 27.5 இல்லை. நேரத்தைக் கூட்டிப் பாருங்க, 21.8தான் வரும். அதனால ஈ.சி.ஆரில் 25 ஓட்டறவரும் ஏற்காடு மலையில் 18 ஓட்டறவரும் ஒரே ஆளா இருக்கலாம். எண்ணை எந்த ரோட்டில் எடுத்தாங்கன்னு கேளுங்க.

இந்த மூணையும் போட்டுப் பார்த்த பிறகும் சந்தேகமா இருந்தா ஒரு படி கீழே சேர்ந்துடுங்க. கீழே சேர்ந்தா அதிகபட்சம் கொஞ்சம் போரடிக்கும், எதிர்காத்தில் முன்னாடி போய் மத்தவங்களுக்கு முதுகு கொடுக்கலாம். மேலே சேர்ந்தா நாற்பதாவது கிலோமீட்டரில் தொடை பிடிச்சுக்கும். நிக்கிற குரூப்பா இருந்தா இருபது பேரோட காலை நேரம் போகும். நிக்காத குரூப்பா இருந்தா, லாரி போற நெடுஞ்சாலையில் களைச்சுப் போய் தனியா நிப்பீங்க.

பிரான்சில் வெலோசியோ என்கிற புனைபேரில் எழுதின போல் தெ விவி (1853–1930) என்கிற பெரியவர் இருந்தார். பல கியர் வச்ச சைக்கிளுக்காகக் கடைசி வரைக்கும் வாதாடினவர். சைக்கிள்காரங்களுக்கு அவர் சொன்ன விதிகளில் ஒண்ணு, வறட்டு கௌரவத்துக்காக மிதிக்காதே என்கிறது. அவர் காலத்தில் ஏ, பி, சி கிடையாது. இருந்தாலும் ஆளைச் சரியாத்தான் புரிஞ்சு வச்சிருக்கார்!

இனிமே யாராவது 'நீ எந்த குரூப்?'னு கேட்டா எண்ணைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க. நீங்க யாருக்காக நிக்கத் தயார், உங்களுக்காக யார் நிக்கத் தயார்? இரண்டுக்கும் பதில் கிடைக்கிற குரூப்தான் உங்க குரூப். அது சி-யா இருந்தா, சந்தோஷமா சி.

பி.கு.: சி குரூப்பில் இன்னொரு வசதி இருக்கு. நிறுத்தற இடத்தில் பொங்கல் வடை தீர்றதுக்கு முன்னாடி போய்ச் சேர, எந்தக் கடைன்னு லீடரே முன்கூட்டி பேசி வச்சிருப்பார். டெக்ராஞ்ச் பார்த்திருந்தா இதை மட்டும் கண்டிப்பா பாராட்டியிருப்பார் :-)