ஈப்போ ஸ்டேஷனைக் கட்டியது யார்?

ஈப்போ ரயில் நிலையத்தைப் பழைய ஆட்கள் 'ஈப்போ தாஜ்மஹால்' என்பார்கள். வெள்ளைக் குவிமாடங்கள், கீழே நீண்ட வளைவுத் தாழ்வாரம், மாடியில் அந்தக் காலத்து ஹோட்டல். யார் கட்டியது என்று கேட்டால், "வெள்ளைக்காரன்தான், வேற யாரு?" என்று பதில் வரும்.

அந்த வெள்ளைக்காரர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக். 1871இல் லிவர்பூலில் பிறந்தவர். 1895இல் சிலாங்கூர் பொதுப்பணித் துறைக்கு வரைவாளராக வந்து சேர்ந்தார். கோலாலம்பூரின் ஜாமேக் பள்ளிவாசலும் (1909) ரயில் நிலையமும் (1910) அவர் வரைந்தவை. சென்னை உயர்நீதிமன்றத்தையும் எழும்பூர் நிலையத்தையும் பார்த்தவர்களுக்கு இந்தச் சாயல் புதிதல்ல. இந்தியாவில் ஆங்கிலேயர் பழகிய மொகலாயக் கலவைப் பாணி, மலாய் நாட்டுக்கும் பொருந்தும் என்று கப்பலேறி வந்தது. அதே ஆங்கில ஆட்சியின் கீழ், நாகப்பட்டினத்தில் கப்பலேறி நம்ம சனங்களும் பினாங்கில் இறங்கி, பால்மரக் காடுகளுக்கு வந்தார்கள்.

பேராக்கில் கோலகங்சாரின் உபுடியா பள்ளிவாசலும் ஹப்பேக்கின் வரைவே. 1913இல் அடிக்கல் நாட்டினார்கள். இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை, சண்டையிட்ட இரண்டு யானைகள் மிதித்து நொறுக்கிவிட்டன. இடையில் உலகப்போர். கட்டச் சொன்ன சுல்தான் இட்ரிஸ் 1916இல் காலமானார். பள்ளிவாசலும் ஈப்போ நிலையமும் 1917இல்தான் முடிந்தன. அப்போது ஹப்பேக் இங்கே இல்லை. ஐரோப்பியப் போர்முனையில் பிரிகேடியர் ஜெனரலாகப் படை நடத்திக்கொண்டிருந்தார்.

அப்படியானால் கட்டி முடித்தது யார்? வரைந்தவர் பெயர் நிலைத்துவிட்டது. கல் சுமந்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

பத்துகாஜா அருகே இன்னொரு கட்டடக் கதை உண்டு. ஸ்காட்லாந்துக்காரரான தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் மாளிகை கட்ட மதராஸிலிருந்து ஆட்களை வரவழைத்தார். விஷக் காய்ச்சலில் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயில் கூரையில் சாமிச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரை நிற்கிறார். நன்றிக்காக வைத்தது என்பார்கள். கெல்லி 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை பாதியில் நின்றது.

கூலிகள் துரையைச் சாமிகளோடு சேர்த்து வைத்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை.

ஹப்பேக் 1924இல் ஓய்வுபெற்று, 1948இல் இங்கிலாந்தில் மறைந்தார். அவர் திறமையில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்தத் தாழ்வாரத்தின் நிழலில் நின்றவர்களுக்கு அது தெரியும். அடுத்த முறை யாராவது "யார் கட்டியது?" என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்லுங்கள்.