மூன்று அதிகாரங்களும் ஓர் அம்மன் காசும்

அப்பத்தாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்குப் பக்கத்தில் ஒரு செப்புக்காசு கிடக்கும். ஒரு பக்கம் அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற சொல். "நம்ம ராசா காசுடா. செல்லாதுதான், ஆனா தூக்கிப் போடக்கூடாது" என்பார்.

அந்தக் காசே ஓர் அதிகாரப் பங்கீடு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்குச் சொந்தச் செப்புக்காசு இருந்தது. ஆனால் ரூபாய் ஆங்கிலேயருடையது. கோர்ட்டும் வரியும் திவானும் இங்கே, போரும் அயலுறவும் அங்கே.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் ஒரே கூட்டாட்சியில் சேர்க்கப் பார்த்தது. அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. சமஸ்தானங்கள் தாமாகக் கையெழுத்திட்டுச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. போதுமான மன்னர்கள் முன்வரவில்லை. அந்தக் கூட்டாட்சி கடைசிவரை நடைமுறைக்கு வரவேயில்லை.

1947-இல் அதே யோசனை வேறு அவசரத்தில் திரும்பி வந்தது. மன்னர்கள் கையெழுத்திட்ட சேர்க்கைப் பத்திரம் டில்லிக்குக் கொடுத்தவை மூன்று: பாதுகாப்பு, அயலுறவு, தகவல்தொடர்பு. பின்னால் வரப்போகும் எந்த அரசியலமைப்பையும் ஏற்றே ஆக வேண்டும் என்று இந்தப் பத்திரம் என்னைக் கட்டுப்படுத்தாது என்றும் அதில் ஒரு பிரிவு இருந்தது. படித்தபோது சிரிப்பு வந்தது. சாஃப்ட்வேர் வேலையில் இப்படி எழுதிய ஒப்பந்தங்களைப் பார்த்திருக்கிறேன். ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் கடைசியில் நடக்கும்.

ஏழே மாதம். 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது இருபத்தைந்து வயதுதான்.

இதற்காக அழ வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே 1924-லிருந்து ஒரு சட்டசபை இருந்தது உண்மை. ஆனால் திவான் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. மூன்று அதிகாரத்தைக் கொடுத்தவரும் ஒருவர், மிச்சத்தைக் கொடுத்தவரும் அவரே. இரண்டு முறையும் அப்பத்தாவிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கு ஓட்டுச்சீட்டு கிடைத்தது இணைப்புக்குப் பிறகுதான்.

உறுத்துவது வேறொன்று. இந்தியக் கூட்டாட்சி அங்கங்கள் கூடிப் பேசிச் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் உண்டானது அல்ல என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். ஒப்பந்தம் போட்டு வந்தவை சமஸ்தானங்கள். அவற்றில் ஒன்றான எங்கள் ஊர் அதற்குள் வரைபடத்திலேயே இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தைப் பிரிக்க அதன் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். இங்கே 3-ஆவது பிரிவின்படி கருத்துக் கேட்டால் போதும். 2014-இல் ஆந்திர சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது, தெலங்கானா பிறந்தது.

பட்டியல்களும் நிலையானவை அல்ல. 1950-இல் ஒன்றியத்துக்கு 97, மாநிலத்துக்கு 66, பொதுவில் 47. சமஸ்தானக் காலத்தில் எங்கள் மன்னர் கல்லூரி தர்பார் விவகாரம். பிறகு கல்வி மாநிலப் பட்டியலுக்கு வந்தது. 1976-இல், நெருக்கடி நிலையின்போது, 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. இன்று நீட் பற்றி வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டையின் வேர் அந்த ஒரு வரி இடமாற்றத்தில் இருக்கிறது.

1974-இல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. அரண்மனைதான் கலெக்டர் ஆபீஸ். ஏழாவது அட்டவணையில் மாவட்டத்துக்கென்று ஒரு பட்டியல் கிடையாது.  மாநிலம் கொடுத்தால் உண்டு. டில்லியிடம் உரிமை கேட்கும் சென்னை, ஆலங்குடிக்கும் அறந்தாங்கிக்கும் எவ்வளவு விட்டுக்கொடுத்திருக்கிறது என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

பத்திரத்தில் எழுதிய அதிகாரம் ஏழு மாதம் தாங்கியது. கேட்கும் ஆள் இருக்கும்வரைதான் எந்தப் பட்டியலுக்கும் மதிப்பு. அந்தக் காசு இப்போது என் மேஜை டிராயரில் இருக்கிறது. செல்லாது. தூக்கிப் போடவும் இல்லை.